மயில் நகருக்கு ஐந்து நிமிடம்

என் மாமா எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தபோது எனக்கென்று ஒரு ஊர் இருந்தது. அவர் எழுந்தபோது அது இல்லை. இதை இப்படிச் சொன்னால் அவர் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளமாட்டார். ஊரை அழிக்கவில்லை, காலி பண்ணினேன் என்பார். மனை விற்கிறவர்களுக்கு இரண்டும் வேறுவேறு.

மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. திண்டுக்கல்லில் கேபிள் டிவி பரவியபோது வீடுவீடாக வயர் இழுத்தார். செல்போன் வந்தபோது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரீசார்ஜ் கடை வைத்தார். எந்தத் தொழிலிலும் சரியான நேரத்தில் நுழைந்து, அது சூடு பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் சலித்துப்போய் வெளியே வந்துவிடுவது அவர் சுபாவம். நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடை லீவில் அவர் கையில் எடுத்திருந்தது ரியல் எஸ்டேட். ரெட்டியார்சத்திரம் தாண்டி, பழனி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, யாருடைய மானாவாரி நிலத்தையோ கூறு போட்டு வெள்ளையடித்த கல் நட்டிருந்தார்கள். மயில் நகர் என்று பெயர். பெயரில் பொய் இல்லை. அங்கே குடியிருந்தவை மயில்கள் மட்டும்தான்.

அந்த மனைகளை விற்றுக்கொடுப்பது மாமாவின் வேலை. ஒன்றுகூட விற்கவில்லை. இதற்கிடையில் நெய்க்காரப்பட்டியில் ஒரு பெண் வீட்டார் அவரைப் பிடித்துப்போய், மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு மனையாவது போனால் அந்தக் கேள்விக்கு வாய்கூசாமல் பதில் சொல்லிவிடலாம் என்று அம்மா நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் கூடுதலாக முழங்காலில் நின்றது அதற்காகத்தான்.

கம்ப்யூட்டர் அண்ணனுடையது. அவன் மதுரையில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தான். போகும்போது யாரிடமோ காப்பி எடுத்த ஒரு சிடியை எனக்கு விட்டுப்போனான். அந்த விளையாட்டில் சண்டை கிடையாது, கார் ரேஸ் கிடையாது. ஆட்களை உண்டாக்கி, வீடு கட்டி, அதில் குடிவைத்து, அவர்கள் சாப்பிடுவதையும் தூங்குவதையும் வேலைக்குப் போவதையும் கவனித்துக்கொள்ள வேண்டும். அப்பா ஒருநாள் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, இதைத்தானே நாங்க தினமும் பண்றோம், இதுக்கு எதுக்குக் கரண்டு என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த ஊரின் நடைமுறைகளைக் கண்டுபிடிக்கவே எனக்கு லீவில் பாதி போயிற்று. முதலில் ஊர் முழுவதும் மேலேயிருந்து தெரியும். பச்சைத் தரை, வளைந்து போகும் ரோடு, ரோட்டோரம் காலி மனைகள். ஒரு வீட்டைத் தொட்டால் அதற்குள் இறங்கிவிடலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வீடுதான். நாம் ஒரு வீட்டுக்குள் இருக்கும்வரை மற்ற வீடுகளில் யாருக்கும் வயது ஏறாது, பசி எடுக்காது. பக்கத்து வீடு வேலிக்கு அப்பால் தெரிந்துகொண்டே இருக்கும். ஆனால் அங்கே நடந்து போகமுடியாது. மனையின் ஓரத்துக்குப் போன ஆள் அப்படியே மறைந்துபோவான். ரோடும் அப்படித்தான், ஊரின் எல்லைவரை போய்ப் பனிமூட்டத்தில் முடிந்துவிடும். கடைக்கோ பக்கத்து ஊருக்கோ போகவேண்டுமென்றால் போன் போட வேண்டும். டாக்ஸி வரும். ஏறினால் திரையில் ஒரு நீலக்கோடு நிரம்பும். நிரம்பியதும் போய்ச் சேர்ந்திருப்போம். நடுவில் வழி என்று ஒன்று இல்லை. இதையெல்லாம்விட ஆச்சரியம், கடைத்தெருவில் நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தாலும் வீட்டுக் கடிகாரம் புறப்பட்ட மணியையே காட்டும். அடுப்பில் வைத்தது அடுப்பில் இருக்கும். குழந்தை அழுத இடத்திலேயே அழுதுகொண்டிருக்கும்.

எனக்கு இவையெல்லாம் குறையாகப் படவில்லை. என் ஊரில் ஒரு பேக்கரிக்காரர் இருந்தார். சமைக்கத் தெரியாத டாக்டர் ஒருத்தி இருந்தாள். இரட்டைப் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியை விளையாடும்போது இன்னொருத்தி நின்றுபோய்விடக்கூடாதே என்று இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்திருந்தேன். லீவு தொடங்கியதிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்த ஊர்.

மாமா அதைப் பார்த்தது ஒரு மத்தியானம். வெயிலில் அலைந்துவிட்டு வந்து, அம்மா கொடுத்த மோரைக் குடித்தபடி என் பின்னால் வந்து நின்றார். திரையில் ஊர் மேலேயிருந்து தெரிந்தது. அவர் டம்ளரைக் கீழே வைக்க மறந்துவிட்டார்.

"ஏத்தா, இது லேஅவுட்டுல்ல?" என்றார்.

விளையாட்டு என்றேன். அவர் காதில் விழவில்லை. பையிலிருந்து மயில் நகரின் வரைபடத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். கட்டமும் கட்டமும் ஒத்துப்போயின. அவருடைய பிரச்சினையே இதுதானாம். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் வேலிக்காத்தான் முள்ளும் கல்லும்தான் தெரிகிறது, வீடு வந்தால் எப்படி இருக்கும் என்பது ஒருத்தர் கண்ணுக்கும் தெரியமாட்டேன் என்கிறது. இதில் கட்டிக் காட்டினால்?

வேறொரு புது ஊர் தனியாகப் போட்டுத் தருகிறேன், என்னுடையதைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனேன். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவரே உட்கார்ந்து எதையெதையோ அழுத்தியிருக்கிறார். நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. தயங்குவது வியாபாரத்துக்கு ஆகாது என்பது மாமாவின் கொள்கை. பேக்கரிக்காரர், டாக்டர், இரட்டைப் பெண்கள் எல்லோரும் போய்விட்டார்கள்.

நான் அழுதேன். மாமா திகைத்துப்போனார். மனையெல்லாம் அப்படியேதானே இருக்கு, ஆளுகதானே இல்ல, ஆளுகளுக்கா பஞ்சம் என்று சமாதானம் சொன்னார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். மாமாவுக்கு உதவி செய், ஒரு மாதம்தான் என்றாள். வீட்டில் எனக்கு ஆதரவாக ஒருவரும் இல்லை.

அந்த வாரத்திலிருந்து எங்கள் முன்னறை மாமாவின் ஆபீஸ் ஆனது. நான் மயில் நகரைக் கட்டினேன். வரைபடத்தில் இருந்தபடி ரோடு, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வீடு, மூலையில் பூங்கா, பூங்காவில் நீரூற்று. ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் நீரூற்றா என்று கேட்டேன். வரும், வரும் என்றார். வீடுகள் ஆளில்லாமல் நின்றால் எடுபடவில்லை என்று பிறகு ஆட்களையும் குடிவைக்கச் சொன்னார். அழித்தவரே கேட்டார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாடிக்கையாளர்கள் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கா, காபி என்று மாமா குரல் கொடுப்பார். சாப்பாட்டு நேரத்தில் வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப எங்கள் வீட்டில் வழக்கமில்லை. குழம்பு இருக்கும், வெஞ்சனம் பற்றாது. அம்மா அவசரமாக அப்பளம் பொரிப்பாள். முன்னறையில் மயில் நகரும் அடுப்படியில் அப்பளமுமாக அந்தக் கோடை போனது.

சின்னாளப்பட்டியிலிருந்து வந்த ஒருவர் எது கிழக்கு என்று கேட்டார். நான் படத்தைத் திருப்பிக் காட்டினேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது கிழக்காகிக்கொள்ளும் என்று கண்டுகொண்ட மாமா, அதன்பிறகு எல்லா மனைகளையும் கிழக்குப் பார்த்த மனைகளாகவே விற்கப் பார்த்தார். இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அரைக்கால் சட்டை போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி ரோட்டில் ஓடிப்போனாள். அந்த விளையாட்டில் அப்படி யாராவது ஓடிக்கொண்டேதான் இருப்பார்கள். வீட்டுக்கார அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெங்களூர்க்காரங்க, ரெண்டு பிளாட் வாங்கிப் போட்டிருக்காக என்றார் மாமா, கண்ணை இமைக்காமல். வேறொரு நாள் நான் குடிவைத்த ஒருவன் சமைக்கப்போய் அடுப்பு தீப்பிடித்துக்கொண்டது. அவன் அணைக்காமல் நெருப்பின் முன்னால் நின்று கையை ஆட்டினான். வந்தவர்கள் பாதிக் காபியோடு எழுந்துபோய்விட்டார்கள். அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் அடுப்பை எடுத்துவிடச் சொன்னார் மாமா. அடுப்பில்லாத நகரத்துக்குச் சாப்பாடு போடுவது என் பொறுப்பு. நான் வீடுவீடாக இறங்கி, போன் போட்டுச் சாப்பாடு வரவழைத்துக்கொண்டிருந்தேன். இதற்கு நடுவே கரண்டு போகும். யூபிஎஸ் பீப் பீப் என்று கத்தும். எனக்கு லீவே வேண்டாம், பள்ளிக்கூடம் திறந்தால் போதும் என்றாகிவிட்டது.

அந்த எரிச்சலில் நான் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து நர்ஸம்மா வந்தார்.

அவரைத் தெரியாதவர்கள் எங்கள் பகுதியில் இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ரிட்டையரானவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோயில் தெருவில் தனி வீடு. தனி வீடு என்பது பெயருக்குத்தான். காய்ச்சல் ஊசி போட, பிரஷர் பார்க்க, புண்ணுக்குக் கட்டு மாற்ற, பிறந்த குழந்தையைக் குளிப்பாட்ட, ஆஸ்பத்திரிக்குத் துணையாக வர என்று அவர் வீட்டுப் படியில் எந்நேரமும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். ரிட்டையரான பிறகு கூட்டம் கூடிவிட்டது என்று அம்மா சொல்வாள். இப்போதுதான் அவருக்கு வேலை இல்லையே.

அவர் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு அக்கா தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நர்ஸம்மா வந்திருக்கிறாராமே, இவனுக்கு இரண்டு நாளாகத் தொண்டை வலி என்றாள். நர்ஸம்மா பையனின் முகவாயைப் பிடித்து மானிட்டர் பக்கம் திருப்பி, அந்த வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். மருந்தின் பெயரைச் சொன்னார். பையன் போன பிறகுதான் மயில் நகர் அவர் கண்ணில் பட்டது.

மாமா வழக்கமான பாட்டை ஆரம்பித்தார். நீரூற்று, கிழக்குப் பார்த்த வாசல். நான் காட்டவேண்டியவற்றைக் காட்டிக்கொண்டு வந்தேன். ஒரு வீட்டுக்குள் இறங்கினேன். அன்று காலையில்தான் அதில் ஒரு பெண்ணைக் குடிவைத்திருந்தேன். வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள்.

"இவுக யாரு?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"பக்கத்து வீட்டுக்காரங்க. புதுசா யாரு குடிவந்தாலும் பாக்க வருவாங்க."

"கூப்பிடாமயேவா?"

"ஆமா. வந்து பெல் அடிப்பாங்க."

"கதவத் தொறக்கலைன்னா?"

"செத்த நேரம் நிப்பாங்க. அப்பறம் போயிருவாங்க."

"கோவிச்சுக்க மாட்டாகளா?"

அதுகளுக்கு அதெல்லாம் தெரியாது என்றேன். நர்ஸம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எங்க, தொறக்காம விடு பாப்பம் என்றார்.

நான் திறக்கவில்லை. மூன்று பேரும் நின்றார்கள். ஒருவன் பெல் அடித்தான், கையைக் கட்டிக்கொண்டான், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தான். உள்ளே அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். வாசல் காலியாகிவிட்டது. பார்ப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? ஒன்றும் நடக்காத விஷயம் இது. நர்ஸம்மா, அதை இன்னொருக்கா காட்டு என்றார்.

நான் இன்னொரு வீட்டில் இன்னொரு ஆளைக் குடிவைக்க வேண்டியதாயிற்று. மறுபடியும் வந்தார்கள், நின்றார்கள், போனார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நர்ஸம்மா வந்து அதையே கேட்டார். பூங்காவைப் பார்க்கவில்லை. ரூம் எத்தனை என்று கேட்கவில்லை. கைக்குழந்தைகூட ஒரே விளையாட்டை இத்தனை தடவை கேட்காது. என் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

மாமாவுக்கும் கவலை வந்துவிட்டது, ஆனால் அவர் கவலை வேறு. தனியாக இருக்கும் பெண்பிள்ளை, அக்கம்பக்கம் எப்படி என்று பயப்படுகிறார் என்று எண்ணிக்கொண்டார். அதனால் மயில் நகரில் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவே இருக்காது என்று ஆரம்பித்தார். ஒரே குடும்பம் மாதிரிப் பழகுவார்கள், ஒரு சத்தம் கொடுத்தால் பத்து வீட்டு ஆள் வந்து நிற்கும் என்றார். நர்ஸம்மாவின் முகம் வாடிக்கொண்டே போனது. டவுனிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்து டாக்ஸியைக் கூப்பிடு என்றார். நான் கூப்பிட்டேன். நீலக்கோடு நிரம்பியது. கடைத்தெரு வந்தது.

"பாத்தீகளா, அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. நீங்க அங்க போயிட்டா என்ன, இருந்த எடத்துலயே இருக்க மாதிரிதான். நம்ம தெரு சனம் பூராம் வந்து போய்க்கிட்டே இருக்கலாம்."

நர்ஸம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எழுந்துகொள்ளப் போகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அம்மா காபியோடு வந்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் எனக்குத் தாங்கமுடியாமல் போனது. பொய்யா நிஜமா என்பதெல்லாம் என் கவலை இல்லை. என் விளையாட்டைத் தப்புத்தப்பாகச் சொல்கிறாரே என்ற கடுப்பு.

"அது கம்ப்யூட்டர்லதான் அஞ்சு நிமிஷம். நெசத்துல அங்க ஒரு வீடும் இல்ல. மெயின் ரோட்டுல எறங்கி ரொம்ப தூரம் நடக்கணும். பஸ்ஸு, ஆட்டோ ஒண்ணும் வராது. மயிலுதான் இருக்கு. அப்பா போய்ப் பாத்துட்டு வந்து சொன்னாரு."

மாமாவின் முகம் போன போக்கை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அம்மா டம்ளரை நர்ஸம்மா கையில் கொடுத்துவிட்டு, திரும்பும்போது என் தொடையில் யாருக்கும் தெரியாமல் ஒரு கிள்ளு கிள்ளினாள். நெய்க்காரப்பட்டி கையைவிட்டுப் போய்விட்டது என்று அந்தக் கிள்ளலிலேயே எனக்குத் தெரிந்தது.

நர்ஸம்மா காபியை ஆற்றி நிதானமாகக் குடித்தார். நெசமாவா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு வீடு கூடவா என்றார். ஒரு வீடு கூட என்றேன். அவர் சரி என்று எழுந்து போய்விட்டார். அன்று ராத்திரி மாமா எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை. அம்மா என்னிடம் பேசவில்லை. உண்மையைச் சொன்னதற்கு இப்படியா என்று நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து நர்ஸம்மா மாமாவுக்குப் போன் செய்து, கடைசி வரிசையில் கடைசி மனை இருந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மாமாவுக்கு மட்டும் எல்லாம் புரிந்துவிட்டது. ரெண்டு ஞாயித்துக்கெழமை உக்காத்திவச்சுக் காட்டுனமுல்ல, அந்த டெமோதான் ஆளக் கவுத்துருச்சு என்றார். கார்னர் மனை எடுங்கள், முன் வரிசையில் தருகிறேன் என்று அவர் கெஞ்சியும் நர்ஸம்மா கேட்கவில்லையாம். பத்திரம் பதிந்த மறுவாரமே அம்மா நெய்க்காரப்பட்டிக்கு ஆள் அனுப்பினாள். கிள்ளு வாங்கிய என் தொடைக்கு ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தது. மயில் நகரில் இரண்டாவது மனை விற்கவில்லை. காலாண்டுப் பரீட்சை லீவில் மாமா என்னைத் தேடி வந்தார். நர்ஸம்மா ஒரு வீட்டைக் கட்டிவிட்டால் போதும், அதைக் காட்டியே மற்றதையெல்லாம் தள்ளிவிடலாம்; ஆனால் அந்தம்மா பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது; சனிக்கிழமையானால் சைட்டுக்கு வருகிறதாம், ஆடு மேய்க்கிறவர்கள் சொன்னார்கள்; உன்மேல் பிரியமாக இருக்குமே, நீ வந்து சொல்லேன் என்றார். திரும்பும்போது பரோட்டா வாங்கித்தருவதாக ஒப்பந்தம்.

பழனி பஸ்ஸில் ஏறி, ரெட்டியார்சத்திரம் தாண்டி இறங்கினோம். நிறுத்தம் என்று ஒன்றும் இல்லை, ஒரு புளியமரம்தான். அங்கிருந்து மண்பாதை. மயில் நகர் என்று எழுதிய வளைவு ஒன்று ரோட்டோரம் நின்றது. அதற்குள் நுழைந்தால் மயில் நகரைத் தவிர எல்லாம் இருந்தது. சோளக்கொல்லை, காய்ந்த ஓடை, கல்லுக்குவியல், மறுபடியும் கொல்லை. தெற்கே தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தது. செருப்பில் முள் ஏறியது. நின்று பிடுங்கினேன். மறுபடியும் ஏறியது. இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சு என்றபடி மாமா முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

"அஞ்சு நிமிஷம்னீங்களே மாமா."

"பைக்குல அஞ்சு நிமிஷம் பாப்பா."

"பைக்கு எங்க?"

"அத வித்துட்டம்ல" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

நெடுநேரம் நடந்த பிறகு வெள்ளைக் கற்கள் தெரிந்தன. செடி மண்டிப் பாதிக் கற்களை மூடியிருந்தது. அந்த வெட்டவெளியின் கடைசியில் ஒரு கறுப்புக் குடை விரிந்திருந்தது. குடைக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் நர்ஸம்மா.

அவர் ஜெபமாலை உருட்டவில்லை. பேப்பர் படிக்கவில்லை. காலடியில் ஒரு பிளாஸ்கும் ஒரு டிபன் டப்பாவும் இருந்தன. நான்கு கற்களுக்கு நடுவில், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கால்களை நீட்டி, சும்மா உட்கார்ந்திருந்தார். மனையின் மூலையில் ஒற்றை வேலிக்காத்தான் மரம். அதில் ஒரு சங்கிலி தொங்கியது. போகும்போது நாற்காலியை அதில் பூட்டிவைத்துவிட்டுப் போவார் என்று பிறகு தெரிந்தது.

மாமா சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்லி அருகில் போனார். நர்ஸம்மா கையைத் தூக்கினார்.

"அந்தக் கல்லுக்கு அங்கிட்டு நின்னே பேசுங்க தம்பி."

குரலில் கோபம் இல்லை. ஊசி போடும்போது கையை இறுக்காதே என்று சொல்வாரே, அந்தக் குரல். மாமா தூக்கிய காலைப் பின்னால் எடுத்து, கல்லுக்கு வெளியே வைத்தார். நானும் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். ஒரு கல்லுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பேச்சு நடந்தது.

வீட்டை எப்போது கட்டப்போகிறீர்கள் என்று மாமா கேட்டார். கட்டப்போவதில்லை என்றார் நர்ஸம்மா. கட்டாமல் எதற்கு வாங்கினீர்கள் என்று மாமா கேட்டதில் ஒரு வியாபாரியின் மனவருத்தம் இருந்தது.

"வீடு கட்டுனா கதவு வைக்கணும்ல தம்பி. கதவு வச்சா தட்டுவாக."

மாமா என்னைப் பார்த்தார். சொல்லு என்று கண்ணைக் காட்டினார். எனக்கு வாயில் வந்தது வேறு. தாகம், முள், வெயில், போன லீவிலிருந்து சேர்ந்த எரிச்சல் எல்லாம் சேர்ந்து, இங்க உங்களுக்குப் போரடிக்கலையா என்று கேட்டுவிட்டேன். இல்லை என்றார். என்ன பண்ணுவீங்க என்றேன். யோசித்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார். அந்தப் பதிலில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது. எனக்கு மண்டை காய்ந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அம்மா கையால் காபி குடித்தவர், இத்தனை தூரம் நடந்து வந்து நிற்கும் எங்களிடம் அந்தப் பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் குடி என்று சொல்லவில்லை. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அவர் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா. நான் இங்க வர்றத நம்ம தெருவுல யார்ட்டயும் சொல்லாத."

"அம்மாட்டயுமா?"

அவர் குடையை வெயிலுக்கு ஏற்றபடி கொஞ்சம் சாய்த்துக்கொண்டார்.

"அம்மாட்டச் சொல்லு" என்றார்.

மயில் நகரில் அதற்குப் பிறகும் மாமா ஒரு மனையும் விற்கவில்லை. ஆனால் விற்ற ஒரு மனையின் பேரில் தை மாதம் அவருக்கு நெய்க்காரப்பட்டியில் கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்குப் பிறகு தொழிலை மாற்றிக்கொண்டார். அவர் விலகிச் சில வருஷங்களில் அந்தப் பக்கம் மனை விலை தாறுமாறாக ஏறியது, வழக்கம்போலத்தான். கம்ப்யூட்டர் எனக்குத் திரும்பக் கிடைத்தது. பேக்கரிக்காரரையும் இரட்டைப் பெண்களையும் அதே முகத்தோடு மறுபடி உண்டாக்கிப் பார்த்தேன். ஏனோ சரியாக வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் வீடு திரும்பியபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். அப்பாவைப் பார்க்க அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒரு அடுப்பில் பால், ஒரு அடுப்பில் சாதம். மாமா கால் கழுவ வெந்நீர் கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா உறைமோருக்குக் கிண்ணத்தோடு நின்றாள். அவள் போகும்வரை பொறுத்திருந்து, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். முள்ளைச் சொன்னேன். குடையைச் சொன்னேன். கல்லுக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்ததையும், பிளாஸ்கைத் திறக்காததையும், சங்கிலியையும் சொன்னேன். அந்த நர்ஸம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, ஒன்றும் இல்லாத காட்டில் போய் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது, நாள் பூராவும் ஒரு மனுசர் வரமாட்டார்கள், அதுக்குப் போய் இத்தனை தூரம் நடக்குது என்றேன்.

அம்மா சோற்றைப் பதம் பார்க்க எடுத்த கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் வைத்தாள். பால் பொங்கி வருவதைக் கூட அவள் கவனிக்கவில்லை, நான்தான் அணைத்தேன்.

"அங்க நெழலு இருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். ஒரே ஒரு வேலிக்காத்தான், அதில் என்ன நிழல், குடைதான் என்று எரிச்சலோடு சொன்னேன். முன்னறையிலிருந்து அப்பா கூப்பிட்டார். வாரேன் என்று அம்மா குரல் கொடுத்தாள், ஆனால் உடனே போகவில்லை.

அந்த நர்ஸம்மா மேல் வெயில் படுமே என்ற இரக்கத்தில்தான் அம்மா அப்படிக் கேட்டாள் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.